பாதிப் படத்தில் எழுந்து போன அண்ணன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குப் பள்ளிபாளையம், ஆற்றைத் தாண்டினால் ஈரோடு. அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் ஓர் ஓவியனுடைய வாழ்க்கைக் கதை ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, என் அண்ணனை மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் செய்ததில்லை என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொள்ளும்படி ஆயிற்று.

அண்ணனும் ஓவியர்தான். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுவார். அவர் எழுதிய அரண்மனைத் திரை அவிழ்ந்து விழுந்தால், ராஜா மேடைக்கு வருவதற்கு முன்பே ஜனங்கள் கை தட்டிவிடுவார்கள். அண்ணி பிரசவத்தில் போனதிலிருந்து மனிதர் அப்படியே ஒடுங்கிப்போனார். இரண்டு வருஷமாகப் பிரஷைத் தொடவில்லை. ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போய், யாருடைய தோட்டத்திலோ கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அதிலிருந்து அவரைத் தனியே விடுவதில்லை. ஓவியன் கதை என்றால் பழைய ஆசை திரும்பாதா என்றுதான் படத்துக்குக் கூட்டிப் போனேன். கதை எப்படிப் போகும் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு ஏது பொறுமை!

படத்தில் அந்த ஓவியனுக்கும் மனம் பேதலிக்கிறது. ஒரு தம்பி கூடவே இருந்து தாங்குகிறான். அந்தத் தம்பியைப் பார்த்து, நானேதான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஓவியன் ஒரு நதிக்கரைக்கு வந்து, தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் திரும்பினால் பெஞ்சில் அண்ணன் இல்லை.

வெளியே ஓடி வந்தேன். வாசலில் சோடா விற்றவர், "ஆத்துப் பக்கமாத்தானுங்க போனாரு. கூப்புடக் கூப்புடத் திரும்பிப் பாக்கலீங்க" என்றார்.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வேட்டி அவிழ்ந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? நானே காசு கொடுத்து, சாகிற வழியைப் படம் போட்டுக் காட்டிவிட்டேனே என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே கரையில் இறங்கினேன்.

பரிசல் துறையில் ஒரே சிரிப்பு. பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்த பரிசல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எதிரே என் அண்ணன், கையில் தார் பிரஷோடு நிற்கிறார்.

"நெசமாவா? இப்புடியாங்க புடிச்சான்?" என்கிறார் பரிசல்காரர்.

"ஆமாங்கறேன்! படத்துல அந்த ஓவியன் பிரஷைச் சோத்துக் கரண்டியப் புடிக்கறாப்புல புடிக்கறான். அதுல பாட்டு வேற. தலைய ஆட்டி ஆட்டிப் பாடிக்கிட்டே எழுதுனா கோடு எப்படிங்க நேரா வரும்?"

மணலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"என்றா தம்பி, அதுக்குள்ள படம் முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

வந்ததே எனக்குக் கோபம்! "மனுசனா நீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சு வந்தா என்னங்ணா? எனக்கு உசுரே போயிருச்சு! இனிமே உங்களைக் கூட்டிக்கிட்டு எந்த எடத்துக்கும் வரமாட்டேன்!" என்று கத்தினேன். பரிசல்காரர் மிரண்டு போய்ப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

"படத்துல வர்ற அந்தத் தம்பிக்காரனாலதாண்டா எந்திரிச்சு வந்தேன். அண்ணன் எதை எழுதுனாலும் நல்லாருக்குதுங்ணா, நல்லாருக்குதுங்ணான்னு மண்டைய ஆட்டறான். ஒரு சண்டை உண்டா? ஒரு ஏச்சு உண்டா? அப்புறம் அந்த ஓவியன் ஆத்துக்குப் போகாம என்ன பண்ணுவான்? நீயுந்தான் இப்ப அந்தத் தம்பியாட்டம் ஆயிட்டே. முன்னெல்லாம் நான் எழுதுன சிங்கத்தப் பாத்து, நம்மூட்டுல சோறு திருடித் திங்கற நாயாட்டம் இருக்குதும்பே. கோவத்துல அழிச்சுட்டு மறுபடி எழுதுவேன். நல்லா வரும்" என்றார்.

அவருக்கு நோகக்கூடாது என்று நாங்கள் வீட்டில் நடந்துகொண்ட பதவிசெல்லாம், அவருக்கு எப்படிப்பட்ட தண்டனையாக இருந்திருக்கிறது!

வேறொரு பரிசலில் அக்கரைக்கு வந்தோம். படத்தில் வந்த அரண்மனை வெறும் அட்டைப் பெட்டி என்றார் அண்ணன். உங்கள் அரண்மனையைவிட ஒருபடி மேல் என்றேன் நான். வீடு வரைக்கும் விடாமல் சண்டை. சத்தம் கேட்டு அம்மா பதறிக்கொண்டு வெளியே வந்தார். எதற்காகச் சண்டை என்று புரிந்ததும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாளே அண்ணன் பிரஷை எடுத்துவிட்டார் என்று கதை அளக்க மாட்டேன். அதற்கு ஒரு தை மாதம் வர வேண்டியிருந்தது. ஆனால் அன்று ராத்திரி அவரைக் காவல் காக்காமல் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கும் மனம் ஒடிந்து கிடக்கிற யாரையாவது பார்க்கப் போனால், குரலைத் தாழ்த்தி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று நான் கேட்பதில்லை, அவரோடு ஒரு சண்டையை வலிய இழுத்துவிட்டுத்தான் வருகிறேன்.