மூன்றாம் கல்லைத் தேய்த்த மரியதாஸ் அண்ணை

சனிக்கிழமை காலை 8.40. தெற்கு லண்டன் சட்டனில் 407-ஆம் எண் பஸ்ஸுக்காக நானும் மரியதாஸ் அண்ணையும் நின்றோம். பெப்ரவரித் தூறல். நன்றாகப் பெய்தால் குடை பிடிக்கலாம், நின்றால் மடக்கலாம்; இது இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. ஐந்து நாள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்று வேலை பார்த்த கால்கள் எனக்கு. ஆறாம் நாளாவது படுத்திருக்கலாம் என்று நினைத்தேன். விதி விட்டால்தானே.

விதி என்பது பக்கத்து வீட்டுக்காரர். மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர், வயது ஐம்பத்தெட்டு, பெரிய கடையொன்றின் கிடங்கில் வேலை. நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் என் வீட்டு மணிதான் அடிக்கும். இந்த முறை கடிதம் அவருக்கு வரவில்லை, அவருடைய தமிழ்ப் பங்குக்கு, அதாவது கத்தோலிக்கக் கோயில் சபைக்கு, வந்திருந்தது. லண்டனின் தெற்கு ஓரத்தில், கென்லிக்கு மேலே ஒரு குன்றில், கூரையில்லாத பழைய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. அதன் முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கும் செதுக்கிய கற்கள் ஐந்து. பங்கு மக்கள் நவம்பர் மாதம் அங்கே போய் இறந்தவர்களுக்காகச் செபிப்பது வழக்கம். போன நவம்பருக்குப் பிறகு மூன்றாம் கல்லை யாரோ அழுத்தித் தேய்த்திருப்பது தெரியவந்தது. விவரம் அறிந்தவர் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து சொன்னால் நல்லது. கடிதத்தின் சாரம் இதுதான்.

பூசை முடிந்ததும் பாதிரியார் அதை வாசித்துவிட்டு, யார் என்று கேட்காமல் விட்டுவிட்டாராம். அன்று மாலையே அண்ணை என் வாசலில் நின்றார்.

“தங்கச்சி, நான்தான். என்னாலை எங்கடை சனத்தை அங்கை வர வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு. நீர் வந்து என்ரை வாயாய் நிண்டு சொன்னாக் காணும்.”

சிற்றாலயத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. படித்துவிட்டு நாலு பேர் தேடிப்போய்க் கல்லில் கை வைத்தால் அந்தப் பாவமும் என் தலையில் விழும்.

9.05. பஸ் வந்தது. ஆளுக்கு ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ். மேல்தளத்து முன் இருக்கை காலியாக இருந்தும் அண்ணையின் முழங்காலை உத்தேசித்துக் கீழேயே உட்கார்ந்தோம். அவர் மடியில் ஒரு துணிப்பை. உள்ளே பிளாஸ்க்கும் பிஸ்கட் பெட்டியும். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவர் தேநீரும் கொண்டுபோவதை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

வாலிங்டன் தாண்டியதும் கேட்டேவிட்டேன். “ஏன் அண்ணே, பார்க்கவே பழைய கல்லுன்னு தெரியுதே. அதைப் போய் ஏன் தேய்ச்சீங்க?”

“ஊரிலை நவம்பர் ரெண்டாம் திகதிக்கு முதல் எல்லாரும் சேமக்காலைக்குப் போவம், தங்கச்சி. கல்லறையைத் தேச்சுக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, பூ வைப்பம். ஒண்டு பாசி பிடிச்சுக் கிடந்தா, இதுக்கு ஆக்கள் இல்லையோ எண்டு சனம் கேக்கும்.”

“அந்தக் கல்லுக்குத்தான் ஆள் யாரும் இல்லையே?”

“ஓம், இல்லைத்தான். பேரும் இல்லை. அதாலைதான் அதை எடுத்தன்.”

கிராய்டன் வந்தது. அங்கே பாதி பஸ் இறங்கியதும், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். தம்பி ஒருவன் இருந்தான், அமலதாஸ். இறுதிப் போரின்போது சனத்தோடு சனமாகப் போனவன். கடைசியாகப் பார்த்தவர்கள் அவன் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை, ஒரு தாளும் இல்லை. இங்கே பங்கோடு முதல்தடவை அந்த முற்றத்துக்குப் போனபோது எல்லாரும் தங்கள் தங்கள் இறந்தவர்களை நினைத்துச் செபித்தார்கள். அண்ணைக்கு எங்கே பார்த்து நிற்பதென்று தெரியவில்லை. பெயரில்லாத மூன்றாம் கல்லின் முன்னால் போய் நின்றார். நாலு நவம்பராக அங்கேதான் மெழுகுதிரி. போன நவம்பரில் பாசி மூடிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், சனம் வருவதற்கு முதல் நாள் தனியாகப் போய்க் கழுவியிருக்கிறார்.

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அலுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

10.15. பேர்லி தாண்டிக் கென்லி நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஒன்றரை மைல் ஏற்றம். முதல் பாதி வீடுகளுக்கு நடுவே தார்ச்சாலை, அடுத்த பாதி மரங்களுக்கு நடுவே சேறு. அண்ணை பத்தடிக்கு ஒருமுறை நின்றார். நான் ஐந்தடிக்கு ஒருமுறை. இதுவும் லண்டன்தான் என்று பஸ் அட்டை சொல்கிறது, என் சப்பாத்து நம்ப மறுத்தது.

10.55. சிற்றாலயம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இடுப்பளவு சிக்கிமுக்கிக் கல் சுவர் மூன்று பக்கம், நாலாம் பக்கம் முட்செடி. பாதி வளைவோடு ஒரு ஜன்னல். தெற்குச் சுவரோரம் ஐந்து கற்கள், எதுவும் முழங்காலுக்கு மேல் இல்லை. முதல் இரண்டிலும் ஓரம் முழுக்கப் பின்னல் வேலை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று விரலை ஓட்டிப் பார்த்தால் இடியப்பம்தான். நாலாவதிலும் ஐந்தாவதிலும் மழை தின்றது போக மிச்சம். நடுவில் மூன்றாவது: ஒரு சிலுவை, அதைச் சுற்றி ஒரு வட்டம், வேறொன்றுமில்லை. மற்ற நாலும் சாம்பலும் பச்சையுமாக இருக்க, அது மட்டும் தேய்த்த தோசைக்கல் போலக் கீறல் கீறலாக வெளுத்து நின்றது.

மஞ்சள் மழைக்கோட்டில் காத்திருந்த பெண்மணியின் பெயர் ஹெலன். எழுபதுக்கு மேலிருக்கும். ஓய்வு பெற்ற பல் டாக்டராம். சிற்றாலயத்தைப் பராமரிக்கும் தொண்டர் குழுவில் கற்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. கை கொடுத்துவிட்டு நேரே கேட்டார். “எதனால் தேய்த்தார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். அதைப் பொறுத்துத்தான் இனி செய்ய முடிந்ததைச் செய்யலாம்.”

அண்ணை தொப்பியைக் கழற்றினார். “நான்தான் எண்டு சொல்லும், தங்கச்சி. வயர் பிரஷ்சாலை தேச்சனான். உடுப்புத் தோய்க்கிற பவுடரும் போட்டனான்.”

நான் திரும்பி, ஹெலனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “இவர்தான். துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்திருக்கிறார், கொஞ்சம் அழுத்திவிட்டார் போலிருக்கிறது.”

பொய்தான். மழையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடமாக இந்த நாட்டில் வேலை செய்கிறவருக்கு அவ்வளவு ஆங்கிலம் கூடவா புரியாது? “நோ கிளாத்,” என்றார் ஹெலனிடம். “வயர் பிரஷ். பவுடர். டூ அவர்ஸ்.” பிறகு என்னிடம் மெல்ல, “நான் சொன்னதைச் சொல்லும், தங்கச்சி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹெலன் சேற்றிலேயே மண்டியிட்டார். சின்ன டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தார். சிலுவையின் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கீறல்கள் வெளிச்சத்தில் எழுந்தன. “பல்லாக இருந்தால் அடைத்துவிடுவேன்,” என்றார். “இத்தனை காலத்து மழை செய்யாததை இரண்டு மணி நேரத்தில் செய்துவிட்டார். இதை யாராலும் திருப்ப முடியாது.”

அதை அப்படியே தமிழில் சொன்னேன். அண்ணை தலையை மட்டும் ஆட்டினார்.

11.30. ஹெலன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடியே எழுதினார். பழைய கல்லுக்குக் காயம் பட்டால் எழுதி வைக்கும் தாளாம். போலீசுக்குப் போகவில்லை, பங்கு மக்கள் எப்போதும் போல வரலாம், கல்லைத் தொடாமலிருந்தால் போதும் என்று முதலில் சொல்லிவிட்டார். அண்ணையிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் பெயர், முறை, நேரம். காரணம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

“தம்பிக்காக எண்டு சொல்லும்.”

சைக்கிளை உருட்டிப் போனது வரை சொன்னேன். ஹெலன் அவசரப்படுத்தவில்லை. கேட்டு முடித்ததும், “அவர் பெயரையும் எழுதலாமா?” என்றார். அண்ணை ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொன்னார். பிறந்த தேதியும் சொன்னார், யோசிக்காமல். அடுத்து ஹெலன் இயல்பாகக் கேட்டார், “இறந்த தேதி?”

அண்ணை கல்லைப் பார்த்தார். நாலு வருடம் மெழுகுதிரி கொளுத்திய கல்.

“இந்தக் கல்லுக்கும் தேதி தெரியாது,” என்றார் ஹெலன், உதவுவதாக நினைத்து. “சுமார் என்று போடுவோம். அவருக்கும் அப்படி எழுதட்டுமா?”

“சுமார் எண்டு போட ஏலாது,” என்றார் அண்ணை. “நான் சொல்லிற நாளிலைதான் அவன் செத்தவன் எண்டு ஆகிப்போடும். வெறுமையா விடச் சொல்லும்.”

வெறுமையாக விட்டார்கள்.

பிளாஸ்க்கைத் திறந்து மூவரும் இஞ்சித் தேநீர் குடித்தோம். ஹெலன் பிஸ்கட் இரண்டு எடுத்தார். குடித்து முடித்த பிறகு, சொல்லத் தயங்கியதைச் சொன்னார்: மார்ச் கடைசியில் ஐந்து கற்களையும் பெயர்த்து ஓர் அருங்காட்சியகத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். இந்தக் கீறலுக்கு முன்பே எடுத்த முடிவு. அண்ணை கேட்டுக்கொண்டு வாசல் வரை நடந்தார். வாசலில் திரும்பி நின்று, நவம்பர் ரெண்டாம் திகதி தான் தனியாக வரலாமோ என்று கேட்கச் சொன்னார்.

வாசல் எப்போதும் திறந்துதான் இருக்கும், ஆனால் இங்கே புல் தவிர ஒன்றும் இருக்காதே என்றார் ஹெலன்.

“பரவாயில்லை எண்டு சொல்லும். அவன்ரை இடத்திலையும் ஒண்டும் இல்லைத்தானே.”

பாதி சொன்னேன். மீதி வரவில்லை. ஹெலன் மழையில் நின்று காத்திருந்தார், நான் சொல்லி முடிக்கும்வரை.

மதியம் 1.10. திரும்பும் பஸ்ஸில் அண்ணை தூங்கிப்போனார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லறை வழக்கமில்லை. அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம், தேய்க்க ஒரு கல்லும் வைக்கவில்லை. வருடா வருடம் அவர் திதிக்கு லீவு கேட்க நான் முணுமுணுப்பேன், யாருக்கு முடியும் என்பேன். அப்பா போன தேதி எனக்குத் தெரியும். கிழமை தெரியும். அம்மா போனில் அழைத்த நிமிடம் கூடத் தெரியும். அது எல்லாருக்கும் கிடைத்துவிடுகிற ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.