கரையில் நின்ற மண்வெட்டி

மன்னார்குடியில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல், அப்பா விட்டுப்போன குத்தகை நிலத்துக்கே திரும்பியவன் நான். என் பட்டத்தால் ஊருக்குக் கிடைத்த ஒரே லாபம், டீக்கடையில் ஓசிப் பிரசங்கம்.

அந்த ஐப்பசியில் எனக்கு ஃப்ரீசியா பித்து. வடகடல் ஓரம், பாதி ஹாலந்திலும் பாதி ஜெர்மனியிலுமாகக் கிடக்கும் தாழ்ந்த பூமி. நம்மைப் போலவே தண்ணீரோடு மல்லுக்கட்டும் ஜனம். அங்கே பல காலம் பண்ணையாரே கிடையாது என்று சொன்னதும், எங்கள் மிராசுதாரின் காரியக்காரர் பெஞ்சிலிருந்து திரும்பினார்.

"அப்புறம் கரையை யாருங்க புரொபசர் கட்டுவாங்க?"

"அவனவன் நிலத்துக்கு நேரா அவனவன்தாங்க. முடியலைன்னா மண்வெட்டியைக் கரையில குத்தி வச்சுட்டுப் போயிடணும். நிலம் வேணாம்னு அர்த்தம். எவன் பிடுங்குறானோ அவனுக்கு நிலமும் கரையும்."

"பேஷ், நல்ல நாடு" என்று எனக்கு ஒரு டீ சொன்னார். என் பேச்சுக்குக் கிடைத்த முதல் ஊதியம். உறிஞ்சிக் குடித்தேன்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. எங்களுடையது வெறும் வாய்க்குத்தகை. பெயர் ஏறிவிட்டால் என்னை யாரும் கிளப்ப முடியாது. மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போதுதான் ஆற்றுக்கரை உடைந்தது. ஊரே மண் சுமந்தது. மதியம் எல்லோரையும் போல நானும் அப்பாவின் மண்வெட்டியைக் கரையில் கொத்தி நிறுத்திவிட்டுச் சோறு தின்னப் போனேன். திரும்பி வந்தால் அத்தனை பேர் மண்வெட்டியும் இருந்தது, என்னுடையதைத் தவிர. திருடனுக்கும் படித்தவன் மேல் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

தாலுகா ஆபீசில் என் மனு விசாரணைக்குக் காரியக்காரர் சாட்சிகளோடு வந்தார். எல்லாம் என் டீக்கடை ரசிகர்கள். எல்லோர் குடிசையும் மிராசுதார் மனையில்.

"ஊரு பார்க்க மண்வெட்டியைக் கரையில குத்திட்டுப் போயிட்டாருங்க. அப்படிப் போனா நிலம் வேணாம்னு அர்த்தம்னு அவரேதான் சொன்னாரு." ஒவ்வொருவராக இதையே ஒப்பித்தார்கள். என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

தாசில்தார் சிரித்தார். "இது எந்த ஊர் வழக்கம்யா?"

"ஜெர்மனிங்க" என்றார் காரியக்காரர்.

'பொய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பி.ஏ. வரலாறு விடுமா? "ஜெர்மனி மட்டும் இல்லீங்க, ஹாலந்துலயும் உண்டு" என்று ஆரம்பித்து, டென்மார்க் எல்லை வரைக்கும் போய்விட்டுத்தான் மூச்சு வாங்கினேன்.

"அப்ப நீ சொன்னது வாஸ்தவம்தான்" என்று எழுதிக்கொண்டார் தாசில்தார். தானாகவே விட்டுக்கொடுத்தவன் ஆனேன்.

நிலம் காரியக்காரரின் மச்சானுக்குப் போனது. கரையை மட்டும் அவன் தொடவில்லை. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் உடைந்தது. அடைக்கக் கூலிக்குப் போனேன். காரியக்காரர் ஒரு மண்வெட்டியை நீட்டினார். காம்பு பிளந்த இடத்தில் அப்பா சுற்றிய கம்பி அப்படியே இருந்தது.

"பத்திரங்க புரொபசர். குத்தி வச்சுட்டுப் போனா கூலியும் வேணாம்னு அர்த்தம்."

ஊரே சிரித்தது. நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன். அன்று மதியம் மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு சோறு தின்றேன்.