லம்துவான் தலைமையில் ஓர் ஊர்வலம்

லம்துவானின் பார்லரில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அவள் முடி வெட்டுவாள், மற்றதில் நான். அவள் வீட்டுச் சண்டை, சமாதானம், சமையல் எல்லாம் எனக்கு அத்துப்படி. சொல்லாமல் விட்டதையும் கத்தரிக்கோல் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். கோபமாக இருந்தால் வெறும் காற்றை நாலு தடவை வெட்டிவிட்டுத்தான் முடியில் கை வைப்பாள்.

அவள் புருஷன் ஒட்வார் நார்வேக்காரர், கப்பல் எஞ்சின் மெக்கானிக். முதன்முதலில் தாடி திருத்தத்தான் எங்கள் கடைக்கு வந்தார். லம்துவான் பேச்சு மும்முரத்தில் தாடி முழுவதையும் எடுத்துவிட்டாள். மனிதர் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். அதன்பிறகு முகத்தில் மயிரே இல்லாமல் வாராவாரம் வந்து உட்கார்ந்தார். நோங் சாய் சின்ன ஊர். ஒரு ஆள் எதற்காக வருகிறான் என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம்.

கல்யாணம் பதிவு செய்யப் போனபோதுதான் அவளுக்கு வட்ட அலுவலகத்தோடு பழக்கம் ஆரம்பித்தது. அங்கே யாரும் வாய் திறந்து காசு கேட்க மாட்டார்கள். ஒருவர் பெருமூச்சு விடுவார். இன்னொருவர், "இந்த முத்திரை ரொம்ப கனமா இருக்கும்மா, கை வலிக்குது" என்பார். டீக்காசு வைத்தால் முத்திரை பஞ்சுபோல லேசாகிவிடும். கல்யாணத்துக்கு ஒரு டீ, மகன் பிறந்ததற்கு ஒரு டீ. மகனுக்கு ஐரிக் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வாயில் 'ர' நுழையாது. குமாஸ்தா 'ஐலிக்' என்று எழுதிவிட்டார். அதைத் திருத்த மறுபடி ஒரு டீ. திருத்தினவர் 'அய்லக்' என்று எழுத, அதற்கும் ஒன்று.

"அக்கா, இந்த ஆபீஸ்ல ஒவ்வொருத்தன் தொப்பையும் என் காசுல வளந்தது. ஒரு நாளைக்கு ஊசி வச்சுக் குத்தினா என் டீயா கொட்டும் பாரு" என்பாள்.

இவ்வளவு பட்டும் மகன் பெயரைக் குடும்பப் பதிவேட்டில் சேர்த்தே தீருவேன் என்று நின்றாள். வெளிநாட்டுக்காரன் பெயரில் இங்கே ஒரு பிடி மண்கூட எழுத முடியாது. அவளுடைய நெல்வயல் நாளைக்கு மகனுக்குப் போக வேண்டுமானால் அவனும் இந்த நாட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறினால் வயலோடு இன்னொன்றும் சேர்ந்து வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். இருபது தாண்டிய பையன் ஏப்ரல் மாதம் வந்து சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் ராணுவம்.

ஐரிக் பதினைந்து வயதுவரை எங்கள் தெருவில் செருப்பில்லாமல் திரிந்துவிட்டு, அத்தை வீட்டில் தங்கி எலக்ட்ரிஷியன் படிக்க நார்வேயில் உள்ள பெர்கனுக்குப் போனான். அங்கேயும் ராணுவத்துக்குக் கூப்பிட்டார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் ஆள் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பி வந்து இங்கேயே வாழ்வதாக முடிவு செய்திருந்தான். சீட்டுக்கு வராமல் ஏமாற்றினால் பிறகு விமான நிலையத்தில் இறங்கவே பயப்பட வேண்டும். "வந்துடறேம்மா. வயல்ல கரண்டு இழுக்கற வேலையும் பாக்கி இருக்கு" என்று போனில் சொன்னான்.

அவன் வருவதற்கு முன்பே சார்ஜென்ட் கம்போல் வந்தார். வட்ட அலுவலகத்தில் படைப்பதிவு அவர் கையில். மனைவிக்கு ஷாம்பூ வாங்க வந்தவர்போல அலமாரியைத் தடவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"தங்கச்சி, பையன் வெளிநாட்டுல வளந்தவன். நம்ம வெயில் தாங்குவானா? நாப்பதாயிரம் பாட். கறுப்புச் சீட்டுக்கு நான் பொறுப்பு. தப்பித் தவறி சிவப்பு வந்துட்டா காச அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன். நான் யார் வயித்திலயும் அடிக்கறவன் இல்ல."

லம்துவான் காற்றை நாலு தடவை வெட்டினாள்.

"அண்ணே, அந்த ஷாம்பூ நூத்தி இருபது. அதுக்கு மட்டும் காசு வச்சுட்டுக் கெளம்புங்க."

அவர் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "பேரு எழுதக் குடுத்தேன், பேர மாத்தக் குடுத்தேன். புள்ளையோட தலையெழுத்துக்கும் இவனுக்குக் குடுக்கணுமா? மாட்டேன்க்கா. வர்றது வரட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுவதும் மூன்று கோயிலுக்குப் போய் வந்தாள்.

சீட்டு எடுக்கும் நாளில் பள்ளிக்கூட மைதானம் திருவிழாபோல இருந்தது. ஐஸ் வண்டி, சுட்ட கோழி, மத்தளம் எல்லாம் வந்துவிட்டன. பையன்கள் மேல்சட்டை இல்லாமல், புஜத்தில் எண் எழுதிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஐரிக், நெல்வயலில் நட்ட விளக்குக் கம்பம்போல, எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக.

"ஏய் வெள்ளைக்காரா! உன் மண்டைக்குத் தொப்பி கெடைக்காதுடா!" என்று கூட்டத்தில் ஒரு ஆள் கத்தினான்.

"தொப்பி இல்லன்னா உங்க மாமியார் சோத்துப்பானைய அனுப்பு மாமா, கவுத்துக்கறேன்!" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பதில் வந்தது. மைதானம் அதிர்ந்தது. மைக்கில் பெயர் படித்துக்கொண்டிருந்த அதிகாரி சிரிப்பு அடங்காமல் இரண்டு பெயரை விட்டுவிட்டார்.

எங்கள் கடைக்கு வரும் புன்மீ அக்கா மகன் கறுப்பு எடுத்தான். சந்தோஷத்தில் புன்மீ அக்கா மயங்கி ஐஸ் வண்டிமேல் சாய்ந்தாள். இன்னொரு வாடிக்கைக்காரி தோங்சன் மகனும் கறுப்பு. ஐரிக் பெயரை அதிகாரி மூன்று விதமாகப் படித்துப் பார்த்து, கடைசியில், "அந்த நெட்டையன் வா!" என்றார். அவன் வெறுங்கையை உயர்த்திக் காட்டி, சீட்டுப் பானைக்குள் விட்டு, சீட்டை எடுத்துக் கொடுத்தான்.

"சிவப்பு!"

மத்தளம் முழங்கியது. லம்துவான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஒரு செருப்பைக் கழற்றி, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஐரிக் ஓடி வந்து அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினான்.

"அழாதம்மா! அந்த ஊர்க்காரன் என்னை வேணாம்னுட்டான். இவங்களாவது வான்னு கூப்பிட்டாங்களே!"

"எறக்கி விடுடா, பாவாடை ஏறுது!" என்று செருப்பால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். அப்புறம்தான் அழுதாள், சிரித்துக்கொண்டே. ஒட்வார் மட்டும் கோழிக்கறிக் கடைக்காரனிடம் சில்லறையை வாங்காமலே நடந்துகொண்டிருந்தார். பிள்ளைப் பாசம் என்று நினைத்தேன்.

சொங்க்ரான் புத்தாண்டுக்கு முந்தின நாள் எங்கள் பார்லரில் நிற்க இடம் இருக்காது. புது வருஷத்தில் நரைமுடியோடு நுழைய எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. புன்மீ அக்கா, தோங்சன், இன்னும் ஏழெட்டுப் பேர் தலை நிறையக் கறுப்பு மை அப்பி, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒட்வார் ஒரு மூலையில் பழுதான முடி உலர்த்தியைக் கழற்றிப் போட்டிருந்தார். தெருவில் பிள்ளைகள் ஒரு நாள் முன்பே தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது சார்ஜென்ட் கம்போல் உள்ளே வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"தங்கச்சி, நான் சொன்ன சொல் தவறாதவன். பையனுக்குச் சிவப்பு வந்துடுச்சு, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இந்தாங்க, அப்படியே இருக்கு."

"என்ன இருக்கு?"

"அதான்... வெள்ளைக்கார மச்சான் குடுத்தது."

மூலையில் திருப்புளி கீழே விழுந்தது. லம்துவான் மெதுவாகத் திரும்பினாள். ஒட்வாரின் முகம் எப்போதும் சிவப்பு. அன்றைக்குப் பழுத்த மிளகாய்.

"எப்போ குடுத்த?"

"மீன் பிடிக்கப் போன அன்னைக்கு" என்றார் ஒட்வார் ஒவ்வொரு சொல்லாக.

"அதானா ஒரு மீன்கூட வரல!"

"நான் ரசீது கேட்டேன். அவர் சிரிச்சார். சிரிச்சா இங்க சரின்னு அர்த்தம்னு நெனச்சேன்."

கடையே சிரித்தது. லம்துவான் சிரிக்கவில்லை. சீப்பு அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, ஒரு சந்தேகம். காச வாங்கி என்ன செஞ்சீங்க?"

"செய்ய வேண்டியத செஞ்சேன். ஆனா சீட்டு விதி மாதிரி, என்ன செய்ய?"

"புன்மீ அக்கா, நீ இவருக்குக் குடுத்தியா?"

புன்மீ அக்கா பிளாஸ்டிக் உறைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். "குடுத்தேன்தான். எம்மவனுக்குக் கறுப்பு வந்துச்சே! சொன்ன மாதிரி செஞ்சாரே!"

"தோங்சன்?"

"குடுத்தேன்."

"சிவப்பு வந்தா திருப்பிக் குடுப்பார். கறுப்பு வந்தா வச்சுக்குவார்" என்றாள் லம்துவான், தனக்குத்தானே கணக்குச் சொல்வதுபோல. "பானைக்குள்ள கைய விட்டது நம்ம புள்ளைங்க. கறுப்பு தானா வந்தது. இவரு எல்லார்கிட்டயும் வாங்கி வீட்ல போட்டுக்கிட்டு, உக்காந்து வேடிக்கை பாத்திருக்காரு. அக்கா! ஒண்ணுமே செய்யாம சம்பாதிச்சிருக்கான் இந்த ஆளு!"

தோங்சன் எழுந்தாள்.

"எங்க எரும மாட்ட வித்துக் குடுத்தேன்டா பாவி!"

கம்போல் பண உறையை மேசைமேல் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார். ஏறி வட்ட அலுவலகம் இருக்கும் பக்கம் பறந்தார். எங்கள் பெண்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

"மை காயலடி! கழுவிட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

"கழுவினா கோவம் போயிடும்!" என்றாள் லம்துவான். சீப்போடு அவள் முன்னால் போக, கழுத்தில் துண்டும் தலையில் பிளாஸ்டிக் உறையுமாக மற்றவர்கள் பின்னால். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒட்வார் திருப்புளியோடு ஓடி வந்தார்.

தெருவில் இருந்தவர்கள் இதைப் புத்தாண்டு வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளைகள் வாளி வாளியாக ஊற்றினார்கள். உறை நழுவி, மை கரைந்து, எல்லார் முகத்திலும் கறுப்புக் கோடு கோடாக வழிந்தது. எதிரே வந்த வேன் ஒன்று மத்தளக்காரர்களோடு திரும்பி எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டது. எருமையை விற்ற கோபத்தில் நடந்த தோங்சன்கூட, மத்தளம் பக்கத்தில் வந்ததும் இரண்டு அடி ஆடிவிட்டுத்தான் நடந்தாள்.

வட்ட அலுவலக வாசலில் பெரியவர்களுக்குக் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்திருந்த வட்டத் தலைவர் நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள், கம்போல் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு.

கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். லம்துவான் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். முறை வந்ததும் மண்டியிட்டு, மல்லிகை மிதக்கும் கிண்ணத்தை எடுத்துத் தலைவர் கையில் பணிவாக ஊற்றினாள். ஒரு சொட்டு மையும் கூடவே விழுந்தது.

"ஐயா நீண்ட ஆயுசோட, ஆரோக்கியமா இருக்கணும். கறுப்புச் சீட்டு வாங்கித் தர்றேன்னு சார்ஜென்ட் கம்போல் எங்ககிட்ட வாங்கின காசத் திருப்பித் தரச் சொல்லணும்."

அடுத்து புன்மீ அக்கா. "ஐயா குடும்பம் தழைக்கணும். என் காசும் அதுலதான் இருக்கு."

அடுத்து தோங்சன். "ஐயாவுக்குப் பதவி ஒசரணும். எரும மாட்டுக் காசு, ஐயா."

மத்தளம் நின்றுவிட்டது. நூறு பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். தலைவர் தன் உள்ளங்கையில் தேங்கிய கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார், வரிசையாக மண்டியிட்ட கறுப்பு முகங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்டபாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கம்போல்," என்றார், "வீடு பக்கத்துலதானே? போய் எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

மாலைக்குள் எல்லாருக்கும் காசு வந்துவிட்டது. விசாரணை நடந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கம்போல் வேலையை இழந்தார். தோங்சன் அதே எருமையை, வாங்கினவனிடம் சண்டை போட்டு, விற்ற விலைக்கே மீட்டு வந்தாள். ஐரிக்கின் நார்வே படிப்புச் சான்றிதழை ஏற்றுக்கொண்டால் இரண்டு வருஷச் சேவைக்காலம் ஒரு வருஷமாகக் குறையும் என்று யாரோ சொன்னார்கள். லம்துவான் கொண்டுபோய்க் கொடுத்தாள். குமாஸ்தா எழுந்து நின்று வாங்கி, உட்காரச் சொல்லி, தானே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை அவள் எங்களுக்குச் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஒட்வாருடன் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அவர் பாட்டுக்கு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "தாடி" என்றார். தாடி இல்லை. அவளும் சோப்பைக் குழைத்துப் பூசினாள்.

"இனிமே எங்கிட்ட மறைப்பியா?"

"மாட்டேன்."

"எதுக்குக் குடுத்த?"

"பயம்" என்றார் அவர். "கடல்ல எஞ்சின் நின்னா என்ன செய்யணும்னு தெரியும். இது தெரியல."

அவள் அவர் நெற்றியிலும் கொஞ்சம் சோப்பைத் தடவினாள். அத்தோடு முடிந்தது.

முதல் முறை ராணுவ முகாமுக்கு ஐரிக்கைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். ஒட்டரிசிச் சோறு, சுட்ட கோழி, காரமாக இடித்த பப்பாளிக்காய். அணிவகுப்பில் எல்லாத் தலையும் ஒட்ட வெட்டி, எல்லா முகமும் கறுத்து, யார் யார் என்றே தெரியவில்லை. ஐரிக்கை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. லம்துவான் கையை வீசி, "ஐலிக்! அம்மாடா!" என்று கூவினாள். வரிசை முழுவதும் குலுங்கியது. அதிகாரி திரும்பி முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

மரநிழலில் பாயை விரித்தோம். ஐரிக் நண்பர்கள் நாலு பேரைக் கூட்டி வந்தான். எல்லாரும் அவனை 'கம்பம்' என்றுதான் கூப்பிட்டார்கள். படுக்கைக் கூடத்தில் பழைய மின்விசிறிகளை ஓட வைத்த கதையை ஒருவன் சொல்ல, இன்னொருவன் கோழிக்காலைத் திருட, பப்பாளிக் காரத்தில் ஒட்வாருக்கு மூக்கு ஒழுக, லம்துவான் மகனின் ஒட்ட வெட்டிய தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எவன்டா வெட்டினது? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்! பையில கத்தரிக்கோல் இருக்கு. வரிசையா உக்காருங்கடா எல்லாரும்."

உட்கார்ந்தார்கள். நானும் என் கத்தரிக்கோலை எடுத்தேன்.