மூலைக் கணினிக்கு ஒரு சொட்டு

இது நடந்தது. பொலிவியாவின் ஒரூரோ நகரத்திலேயே இயங்குதளத்தை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதன் நான். ஆகவே தாராளமாக நம்பலாம். ஒரு கணினிக்குள் நூறு வேலைகள் ஒன்றாக ஓடினாலும், எது ஓடுகிறது, எது எதற்காகத் தூங்கியபடி காத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

கார்னிவல் வெள்ளி. கல்லூரி ஆய்வகத்தில் என் வகுப்புத் தோழி டெய்சி, ‘சல்யா’ என்னும் கார்னிவல் படையலைச் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கணினிக்கும் காகிதத் தோரணம், பூமித்தாய்க்குத் தரையில் இரண்டு சொட்டுச் சாராயம். வெளியே பேண்டு வாத்தியம்.

“ரெண்டு சொட்டு ஊத்துனா பிராசஸ் வேகமா ஓடுமா?” என்றேன்.

“வாயக் கழுவுடா ரோலி. பூமித்தாய் காதுல விழப்போகுது.”

மூலைக் கணினியை மட்டும் அவள் தொடவில்லை. போன கார்னிவலில் பஸ் கவிழ்ந்து இறந்த அவள் அண்ணன் லிம்பெர் உட்கார்ந்த இடம். அதிலிருப்பதை அழிக்கும் வேலை அன்று எனக்கு. அதற்கு முன் அண்ணன் எழுதியது ஏதாவது கிடைக்குமா என்றுதான் டெய்சி வந்திருந்தாள்.

இயக்கினேன். ஓடும் வேலைகளின் பட்டியல் வந்தது. கடைசி வரி... லிம்பெர் பெயரில்.

நிலை: தூக்கம். விசைப்பலகைக்காகக் காத்திருக்கிறது.

“எவனோ விளையாடுறான்,” என்று அதைக் கொன்றேன். ஓடும் வேலையை நிறுத்துவதை எங்கள் பாடத்தில் அப்படித்தான் சொல்வோம்.

அந்த வரி போனது. வேறு வரிசை எண்ணோடு திரும்ப வந்தது.

மறுபடி கொன்றேன்.

வந்தது...

“அவன இன்னொரு தடவ கொல்லாதடா.” டெய்சியின் குரல் உடைந்தது. “போன வருஷம் இதே நாள்... ‘இங்க வாடி, ஒரே ஒரு கீ அழுத்திட்டுப் போ’ன்னான். நான் ஆடப் போயிட்டேன்.”

விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினேன்.

இன்னும் காத்திருந்தது.

வெளியே பேண்டு நின்றது. கணினிக்குள் விசிறி மட்டும்... உஸ்ஸ்...

டெய்சி விரலை வைத்தாள்.

டக்.

வயர் என் கையில்.

திரையில் எழுத்து வந்தது: ‘வந்துட்டியா? சரி, அப்ப நான் கிளம்புறேன்.’

பட்டியலில் அந்த வரி இல்லை. டெய்சி விசைப்பலகையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கார்னிவல் முடிந்து டெக்னீஷியன் எலியோதோரோவிடம், மூலைக் கணினியை அழித்துவிட்டதாகச் சொன்னேன்.

“எதடா அழிச்ச? அதுல டிஸ்க்கே கிடையாதே. போன வருஷமே கழட்டி வேற மெஷின்ல போட்டுட்டேன். அது இல்லாம இது ஓடவே ஓடாது.”

திறந்து காட்டினார். டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் தூசி.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்தேன். மூலைக் கணினிக்கு ஒரு தோரணம் சுற்றினேன். தரையில் ஒரு சொட்டு.

கொஞ்சம் நின்று, இன்னொரு சொட்டு.