வைட இலையின் சிவப்புக் கழலை

ஜேர்மனியில் மரத்தின் இலையைப் பற்றியும் முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவார்கள் என்பதை எசன் நகருக்கு வந்த பின்புதான் கண்டேன். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டுக் கோடை. நான் தோட்டவேலை செய்த குடியிருப்பில், பிள்ளைகள் விளையாடும் இடத்தையொட்டி மூன்று ‘வைட’ மரங்கள் நின்றன. நீர்க்கரையை விரும்பும் மரம், ஒடுங்கிய நீண்ட இலை. அந்த இலைகளில் அவரைவிதை அளவில் சிவந்த வீக்கங்கள் வந்தன. மேல்மாடிப் பெண் ஒருவர், இது நோய், பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று நிர்வாகத்துக்கு எழுதிவிட்டார். மரங்களைத் தறிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

நான் ஒரு வீக்கத்தை நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே வெளிறிய பச்சைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. வடமராட்சியில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன் நான். வாள் போன்ற உறுப்பால் இலையைக் கீறி முட்டையிடும் பூச்சியையும், அந்தக் காயத்தில் இலை வளர்த்துக் கொடுக்கும் கழலையையும், ஷெல் விழுந்து கூரை போன வகுப்பறையிலும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்து வரைந்ததுதான். நேரில் கண்டது அன்றைக்குத்தான். அந்தப் பூச்சியால் மரத்துக்கும் பெரிய கேடில்லை, பிள்ளைகளுக்கும் கேடில்லை.

இலையோடு மேற்பார்வையாளரிடம் புறப்பட்டேன். கூட வேலை செய்த சிவம் அண்ணை மறித்தார்.

“விடுங்கோ மாஸ்டர். உங்கட டொய்ச் பாஷையை வைச்சு இதெல்லாம் விளங்கப்படுத்த ஏலாது.”

கேட்காமல் போனேன். கழலைக்கு அகராதியில் தேடி எடுத்த சொல்லைச் சொன்னேன்: “கல்லே. நோய் இல்லை. கல்லே.”

மேற்பார்வையாளர் என் வயிற்றைப் பார்த்தார். அந்த மொழியில் பித்தப்பைக்கும் அதே சொல்தான்.

“பித்தப்பையில் வருத்தமா? டொக்டரிடம் போ. வேலை நேரத்தில் இலை பொறுக்காதே.”

வயிறு இல்லை, இலை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொலைபேசியைத் தூக்கிவிட்டார்.

அடுத்த கிழமை மூன்று மரங்களும் விழுந்தன. மோட்டார் வாளைப் பிடித்தது மேற்பார்வையாளர், கிளைகளை இழுத்து அடுக்கியது நான். கோடையில் மரம் தறிப்பது சட்டப்படி சரியா என்று வேறு யாரோ முறைப்பாடு எழுத, நகரசபையிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்தவுடனேயே சொன்னாள்: “பிளாட்வெஸ்பே. ஒரு பூச்சி, அவ்வளவுதான். தறிக்க முதல் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாமே?”

“இங்கே யாருக்கு இதெல்லாம் தெரியும்?” என்றார் மேற்பார்வையாளர்.

நான் இரண்டடி தள்ளி, சருகு கூட்டும் வாரியோடு நின்றேன்.

“சொல்லுங்கோவன் மாஸ்டர்,” என்று சிவம் அண்ணை முழங்கையால் இடித்தார்.

சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வேலை போனால் விசா நீடிக்காது. அந்தப் பெண் என்னிடம் ஒரு பையைத் தந்து, மாதிரிக்கு இலைகளைப் போட விரித்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். என் பாடம் முழுவதையும் ஐந்தே நிமிடத்தில் மேற்பார்வையாளருக்குப் படிப்பித்துவிட்டுப் போனாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

அந்த ஞாயிறு பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்துக்காக ஓர் இலையின் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் பென்சிலை வாங்கி, காம்பு, நடுநரம்பு, விளிம்பு என்று பக்கத்தில் தமிழில் எழுதினேன். எழுதி முடிக்க அவள் அழிறப்பரை எடுத்தாள்.

“ஏன் பிள்ளை அழிக்கிறாய்?”

“டீச்சருக்கு விளங்காது அப்பா. கிறுக்கியிருக்கு எண்டு நினைப்பா.”

அழுத்தி எழுதிவிட்டேன் போலும், முழுக்க அழியவில்லை. அந்த மங்கல் தடத்தின் மேலேயே அவள் நீல மையால் டொய்ச்சில் எழுதினாள்.