கேட்ட மாத்திரையும் காட்டிய மாத்திரையும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் திருச்சி தில்லைநகரில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், குழந்தை என்று பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள் நான். அங்கே முக்கால்வாசிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். டீம் லீடரும் அப்படித்தான். ‘மேடம், மேடம்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் முக்கியமான வேலை எதையும் என் பக்கம் தள்ள மாட்டார்.

முதல்முறையாக ஒரு வேலையை முழுசாக என் கையில் கொடுத்தது அந்த ஆடியில்தான்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஸ்ரீரங்கம், காட்டூர், உறையூர், துறையூர் என்று ஆறு இடங்களில் மருந்துக்கடை. ஒரு கடையில் இல்லாத மருந்து இன்னொரு கடையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தேடல் சர்வர் வைத்திருந்தோம். மருந்தின் பெயரைத் தட்டினால் போதும், எந்தக் கடையில் எத்தனை அட்டை ஸ்டாக் இருக்கிறது என்று அடுத்த நொடி காட்டிவிடும். அந்த சர்வரின் வெர்ஷன் ரொம்பப் பழசாகிவிட்டது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுகூட நின்றுபோயிருந்தது. பழையதில் இருக்கும் மருந்துப் பட்டியலையும், எப்படித் தேட வேண்டும் என்கிற செட்டிங்ஸையும் புது வெர்ஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் என் வேலை.

பழைய ஃபைல்களைப் புது வெர்ஷனால் திறக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றாக அங்கே படித்து இங்கே எழுதுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். வழியில் ஏதாவது தடங்கல் வந்தால் அதைக் குறித்துவைத்துவிட்டு மேலே போய்விடும்படி அமைத்திருந்தேன். இரண்டு வாரம் ஆனது. கடைசியில் ஓடவிட்டேன். பழையதில் எத்தனை மருந்தோ, புதியதிலும் அத்தனை மருந்து. ஒன்றுகூடக் குறையவில்லை. திரையின் கடைசி வரியில் ‘முடிந்தது’ என்று வந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடுவில் ஓடிய வரிகளை நான் படிக்கவில்லை.

ஸ்ரீரங்கம், காட்டூர் இரண்டு கடைகளில் மட்டும் முதலில் சோதனைக்குப் போட்டோம். அது ஒரு புதன்கிழமை. பதினோரு மணி இருக்கும், ஸ்ரீரங்கம் கடையின் பார்மசிஸ்ட் என்னைக் கூப்பிட்டார்.

“புதுசா மாத்துனது நீங்கதானே? கொஞ்சம் கிளம்பி வாங்க. போன்ல பேசுற விஷயமில்லை.”

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் உடனே கிளம்பினேன். பஸ் பிடித்துப் போனேன். காவிரியில் தண்ணீர் வந்திருந்ததால் பாலத்தில் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பார்மசிஸ்டுக்கு என் வயசுதான் இருக்கும். தலையில் முக்காடு, மேலே வெள்ளைக் கோட்டு. என்னை உள்ளே உட்காரவைத்து, நடந்ததை மெதுவாகச் சொன்னார்.

காலையில் ஓர் அம்மா வந்திருக்கிறார். ஏழு வயசுப் பெண் குழந்தைக்கு வலிப்பு மாத்திரை வேண்டும். ஸ்ரீரங்கத்தில் தீர்ந்துவிட்டது. பார்மசிஸ்ட் பின்பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததால், கவுன்ட்டரில் நின்றவர் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். காட்டூரில் இருப்பதாகக் காட்டியது. அங்கேயே ஒரு அட்டையை எடுத்துவைக்கச் சொல்லி பட்டனைத் தட்டிவிட்டு, அந்த அம்மாவைக் காட்டூருக்கு அனுப்பிவிட்டார். அவர் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். எடுத்துவைத்த அட்டையைக் காட்டூர்க்காரர்கள் அப்படியே கொடுத்துவிட்டார்கள். வழக்கமாக வாங்குவது ரோஸ் நிற அட்டை, இது பச்சையாக இருக்கிறதே என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். திரும்பி வரும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஸ்ரீரங்கம் கடைக்குப் போன் செய்து, அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். பார்மசிஸ்ட் அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, வேறொருவர் கடையிலிருந்து சரியான மாத்திரையை வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்.

“அது பெரியவங்களுக்கு சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரைங்க. பேர்ல ரெண்டு எழுத்துதான் வித்தியாசம்” என்றார் பார்மசிஸ்ட். “அந்தப் பிள்ளை அதை முழுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.”

லேப்டாப்பை மேஜைமேல் வைத்தேன்.

“கவுன்ட்டர்ல படிச்சுப் பார்க்காம விட்டது எங்க தப்பு. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இந்தக் கம்ப்யூட்டர் இத்தனை வருஷத்துல இப்படிக் காட்டினதே கிடையாது. இல்லைன்னா இல்லைன்னு சொல்லும்.”

லேப்டாப்பைத் திறந்து, அன்று படிக்காமல் விட்ட நடு வரிகளைப் படித்தேன். இருந்தது. ஒரே ஒரு வரி. ஒரு செட்டிங் ‘ஏற்கப்படவில்லை’ என்று.

விஷயம் இதுதான். அந்த மாதிரி சர்வர்கள், நாம் எழுத்துப் பிழையோடு தட்டினாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற பெயரைத் தேடிக் காட்டிவிடும். துணிக்கடைக்கு அது வசதி. மருந்துக்கு ஆபத்து. அதனால் ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துகளின் பெயர்களை ஒரு பட்டியலாகப் போட்டு, ‘இவற்றுக்கு எழுத்து மாறாமல் இருந்தால் மட்டும் காட்டு’ என்று பழைய சர்வரில் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர், இதே பார்மசிஸ்ட் சொல்லச் சொல்லச் சேர்த்த பட்டியல் அது. புது வெர்ஷனில் அந்த செட்டிங்கின் பெயரும் வடிவமும் மாறியிருந்தன. சர்வர் ஏற்கவில்லை. என் புரோகிராம் அதைக் குறித்துவைத்துவிட்டு, நான் சொன்னபடியே மேலே போய்விட்டது. அன்றைக்கு அந்த வலிப்பு மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. அதனால் பக்கத்துப் பெயரைக் காட்டிவிட்டது.

“தப்பு என்னோடதுதாங்க” என்றேன்.

“அப்ப நீங்கதான் சரி பண்ணணும்” என்றார் அவர். அவ்வளவுதான். திட்டவில்லை.

அங்கே இருந்தபடியே இரண்டு கடைகளையும் பழைய சர்வருக்குத் திருப்பிவிட்டேன். ஆபீசுக்கு வந்து டீம் லீடரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பதறவில்லை. அந்தப் பட்டியலைப் புது வடிவத்தில் ஏற்றிவிட்டுத் திங்கட்கிழமை ஆறு கடைகளிலும் போட்டுவிடலாம் என்றார்.

ஏற்றினேன். சோதித்துப் பார்த்தால் பாதிதான் வேலை செய்தது. நடுவில் சின்னக் கோடு போட்ட பெயர்களையும், பக்கத்தில் எண் வரும் பெயர்களையும் புது வெர்ஷன் வேறு விதமாகப் பிரித்துப் படித்தது. பட்டியலில் இருக்கிற பெயர்கூட நழுவி வெளியே போனது. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது. பத்து நாளாவது வேண்டும். இல்லையென்றால் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அந்த வசதியையே மொத்தமாக அணைத்துவிடலாம் என்றேன். அதற்கு டீம் லீடர் ஒத்துக்கொள்ளவில்லை. புது வெர்ஷனின் சிறப்பே அதுதான் என்று கடை முதலாளியிடம் போட்டுக் காட்டி, அவரைச் சம்மதிக்க வைத்ததே இவர்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். சோதனை முடிந்தது, எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவை எடுத்து, ‘சரி’ என்று இருக்க வேண்டிய கட்டத்தில் ‘சரியில்லை’ என்று தமிழிலேயே எழுதினேன். ஏன் சரியில்லை என்று கீழே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“மேடம், இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்றார்.

“அப்படின்னா வேற தாள்ல நீங்களே போட்டுடுங்க சார்.”

அவர் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டார். பிறகு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்: “மருந்தோட பேரைப் படிச்சுக் கொடுக்க வேண்டியது பார்மசிஸ்ட் பொறுப்பு. நீங்க பண்ணின தப்பை மறைக்க இப்ப எல்லாரையும் நிறுத்தி வைக்கிறீங்க. ரொம்ப நாள் கேப்புக்கப்புறம் வந்திருக்கீங்க, பயந்துட்டீங்க.”

மறுபடி வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்ததே இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது வெளியே வந்த பிறகு, ஆச்சரியமாக, பயமே போய்விட்டது.

“ஆமா சார், பயந்துதான் போயிருக்கேன். பயமில்லாம இருந்தப்பதான் அந்தத் தப்பு நடந்துச்சு” என்றேன்.

சாயங்காலத்துக்குள் அந்த சர்வருக்குள் நுழைகிற அனுமதியை எடுத்துவிட்டார்கள். வேறொரு வேலையில் பட்டன்களின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். வேலை போய்விடுமா என்று கேட்டார். போனாலும் போகும் என்றேன். “சரி, நாளைக்குப் பையனை நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா” என்றார். எங்கே என்று நான் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். கடைக் கம்ப்யூட்டரில் சோதனைப் பக்கம் இன்னும் திறந்தது. பார்மசிஸ்ட் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டே, இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு ஜோடியாகப் பெயர் சொன்னார். “இது தைராய்டுக்கு, அது மனநோய்க்கு. இது பிரஷருக்கு, அது அலர்ஜிக்கு.” சொல்லிவிட்டு அவரே தட்டிப் பார்ப்பார். என்ன வந்தது என்று நான் எழுதுவேன். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன குறிப்பேடுகளின் பின்பக்கமெல்லாம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மற்ற கடைகளின் பார்மசிஸ்டுகளிடமும் அவர் போனில் கேட்டுச் சேர்த்தார். துறையூரில் இருந்தவர் மட்டும் பதினேழு ஜோடி சொன்னார். அதில் ஐந்து, பழைய பட்டியலிலேயே இல்லாதவை.

சாயங்காலம் அவர் என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் செய்தார். புதன்கிழமையே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாராம். எல்லாம் சரிசெய்துவிட்டதாக எங்கள் ஆபீசிலிருந்து அவருக்குப் பதில் போயிருந்தது. பார்மசிஸ்ட் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பேசினார்.

“சரியாகலை சார். என் கையாலயே போட்டுப் பார்த்துட்டேன். என் சர்ட்டிபிகேட் இங்க சுவத்துல மாட்டியிருக்கு. நாளைக்கு இதைப் போட்டீங்கன்னா அதைக் கழட்டி எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

பார்மசிஸ்ட் இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. போனை வைத்த பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “வீட்ல மூணு பேரு என் சம்பளத்துல இருக்காங்க” என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். அறைக்குள் டீம் லீடர் விளக்கிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. பத்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“சரியில்லைன்னு எழுதினது நீங்கதானா?” என்று கேட்டார் முதலாளி.

“ஆமா சார். முதல்ல தப்பு பண்ணினதும் நான்தான்.”

முதலாளி அந்தக் குழந்தையின் மாத்திரைப் பெயரைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அது அப்போதும் எங்கும் ஸ்டாக் இல்லை. சர்க்கரை மாத்திரை வந்து நின்றது. பெயரோடு ஒட்டி வரும் எண்ணில் நழுவிய ஜோடிகளில் அதுவும் ஒன்று. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை ரொம்ப நேரம் பார்த்தார். டீம் லீடர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

“எத்தனை நாள் வேணும்?” என்று என்னைக் கேட்டார்.

“பத்து நாள் கேட்டேன் சார். இப்ப ரெண்டு நாள் சேர்த்துக் கேக்கறேன்.”

“எடுத்துக்கோங்க.”

பன்னிரண்டு நாளும் தேவைப்பட்டது. ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். ஒரு தடங்கல் வந்தாலும் அங்கேயே நிற்கிற மாதிரி புரோகிராமை மாற்றி எழுதினேன். இந்த முறை எல்லா வரியையும் படித்தேன். ஆறு கடைகளுக்கும் நேரில் போய், அங்கே இருந்த பார்மசிஸ்டுகளே தட்டிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ‘சரி’ என்று எழுதினேன்.

யாரும் கைதட்டவில்லை. டீம் லீடர் அதற்குப் பிறகு வேலை விஷயத்தைத் தவிர என்னிடம் பேசியதில்லை. அந்த வருஷ மதிப்பீட்டில் ‘ஒத்துழைப்பு போதாது’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, ‘படித்தேன், ஏற்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மாசம் கழித்து வேறு இடத்துக்கு மாறிவிட்டேன். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இன்றும் அதே கடையில்தான் மாத்திரை வாங்குகிறார் என்று பார்மசிஸ்ட் சொல்லியிருக்கிறார்.

தப்பு செய்தவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு என்னிடம் எதிர்பார்த்தார்கள். தப்பு செய்தவள்தான் மற்ற எல்லோரையும்விட முதலில் எழுந்து நின்று ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும் என்பது என் முடிவு, அதை இன்றுவரை நான் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை.