இருபதாவது எழுத்துக்குப் பிறகு

பச்சை ஸ்விட்சின் மேல் என் விரல் இருந்தது. தொண்ணூற்றொன்றில், தண்டலத்தின் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில், ரத்தக் குப்பியில் ஒட்டும் சீட்டை அச்சிடுகிற இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சீட்டில் நோயாளியின் பெயர், அடுத்து ரத்த வகை. பெயருக்கு இருபது எழுத்துதான் இடம். சி மொழியில் எழுதிய நிரல் அதற்கு மேல் நகலெடுக்கக் கூடாது. வெற்றுப் பெயர், ஓரெழுத்து, சரியாக இருபது, அதற்கும் மேல் ஒன்று என்று விளிம்புகளைப் பார்ப்பது என் வேலை. ஒரு சோதனை இன்னொன்றைத் தொடக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை அணைத்துப் போடுவேன். எல்லாம் சரியாகவே வந்தது.

அன்று பென்னலூரில் என் கைக்குழந்தை காய்ச்சலோடு நாத்தனார் மடியில் கிடந்தான். எங்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் மாலை வேன் கிளம்பப்போகிறது. இருந்தும் முழு இருபதை இன்னொரு முறை பார்க்காமல் மனம் அடங்கவில்லை. பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் கத்தினார்.

"இன்னாம்மா, இன்னும் அதையே நோண்டிக்கினு கீற? வூட்ல புள்ளைக்கு ஜொரம்ன்ற!"

"ஒரே ஒரு தடவை சார்."

"ஆஃப் ஆன்னு போட்டுக்கினே இருந்தா மெஷினுக்கும் ஜொரம் வந்துடும். அப்படியே அடிம்மா, லாரி நிக்குது."

அணைக்காமலே அடித்தேன். பெயர் முழுதாக வந்தது. அதை ஒட்டி, முந்தைய சீட்டுக்குக் கொடுத்த ரத்த வகையும், அதன்பின் இந்தச் சீட்டுக்குரியதும் வந்தன. இருபதும் நிறைந்தால், பெயர் முடிந்தது என்னும் குறியை நிரல் வைக்கவே இல்லை; நினைவகத்தில் பக்கத்து இடத்தில் கிடந்ததையும் பெயராகவே படித்தது. அணைத்துப் போட்டபோதெல்லாம் நினைவகம் காலியாக இருந்ததால் குறை மறைந்திருந்தது. மருத்துவமனையில் யார் அணைக்கப்போகிறார்கள்?

"ஒர்த்தனுக்கு ரெண்டு ரத்தமா?" என்றார் சூப்பர்வைசர். குரலில் கிண்டல் இல்லை. ஒட்டிய டேப்பை அவரே கிழிக்கத் தொடங்கினார். லாரி காலியாகத் திரும்பியது. நான் பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது பையன் வியர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கேன்டீனில், "நான் அவசரப்படுத்தலன்னா மாட்டியிருக்குமா?" என்று சூப்பர்வைசர் பெருமையடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேறு கவலை வந்தது. அதற்கு முன்பு அனுப்பிய வேறு மாதிரி இயந்திரங்களையும் நான் அப்படித்தான், அணைத்து அணைத்து, சுத்தமாகச் சோதித்திருந்தேன். அவற்றைத் திரும்ப வரவழைக்கலாமா என்று மாலையில் அவரிடம் கேட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரியாச்சும் குறை சொல்லிச்சா? வுடும்மா."

இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான். அந்த வேலையையும் விட்டாயிற்று. குறை இல்லாததால் சொல்லவில்லையா, கவனிக்காததால் சொல்லவில்லையா என்று அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அன்று வேன் ஹாரன் அடித்தது, எழுந்து போய்விட்டேன்.